ஏற மாட்டேன்!

"ஏறும்மா! கொட்டுற மழையில என்ன பிடிவாதம்?"

வேனை மனைவிக்குப் பக்கத்திலேயே மெல்ல உருட்டிக்கொண்டு வந்த கணவன், கண்ணாடியை இறக்கிக் கெஞ்சினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க வேலையப் பாருங்க."

"அதைத்தானே பாக்கறேன்! ஊரே வேடிக்கை பாக்குது."

"பாக்கட்டும். 'எல்லாத்துலயும் இவ கடைசிதான்'னு உங்க தங்கச்சி முன்னாடி சொன்னீங்கல்ல? செத்தாலும் ஏற மாட்டேன்."

வேனுக்குள் இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஏறுங்கக்கா! நாங்க எல்லாரும் ஏறலையா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தாள். தெருமுனையில் எல்லைக்கோடு தெரிந்தது.

ஒரு வாரமாக ஊர் ஊராக நடந்த பெண்கள் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள் அது. முடியாமல் விலகுகிறவர்களை அள்ளிக்கொண்டு வருவதுதான் அவன் உத்தியோகம். அன்றைய மழையில், அவள் ஒருத்தியைத் தவிர மொத்தப் பந்தயமும் அவன் வேனுக்குள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கோட்டைத் தாண்டியதும் கோப்பையோடு ஓடி வந்தார்கள். அவன் பிரேக் போட்டான்.

முன் சீட்டுக்காரி அவன் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, அப்போ ரெண்டாவது நான்தானே? பின் சீட்டுல ஒருத்தியும் ஒத்துக்க மாட்டேங்கிறா!"