எந்தத் துப்பாக்கி உசத்தி?

தேர்தலுக்காக ஒப்படைக்கப்பட்ட இரண்டு கைத்துப்பாக்கிகள் காவல் நிலைய அலமாரியில் கிடந்தன.

"நான் முழு இரும்பு. கனமா இருக்கறதால சுடும்போது கை எகிறாது," என்றது ஒன்று.

"நாள் முழுக்க உன்னை இடுப்புல சுமக்கறவனைக் கேளு. எனக்கு பிளாஸ்டிக் உடம்பு, துருவே பிடிக்காது," என்றது மற்றது.

வாரக்கணக்காக இதே பேச்சு. மூலையில் சாய்ந்திருந்த லத்திக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயை மூடித் தொலைங்களேன்! இதுவரைக்கும் யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

"இல்லை," என்றன இரண்டும் வெட்கத்தோடு.

"அப்புறம் என்ன குறைச்சல் உங்களுக்கு? நேத்து ஒருத்தன் முதுகுல அடிச்சு என் முனையே பிளந்துபோச்சு. அவன் கத்தினது இன்னும் காதுல கேக்குது."

கதவு திறந்தது. ஏட்டு குருபாதம் அவசரமாக உள்ளே வந்தார். துப்பாக்கிகள் இரண்டும் ஆசையாக நிமிர்ந்தன.

"பாரு, திரும்பவும் நான்தான்," என்று முனகியது லத்தி, அவர் கையிலிருந்து.