சேர்த்துப் பயன்படுத்த இயலாது

"ரெண்டும் சேராதுன்னா, அதென்ன பிள்ள, மாமியாளும் மருமகளுமா?"

பச்சைச் சேலைக்காரி கூப்பனைப் பில் போடும் மேசையில் அறைந்து வைத்தாள். பக்கத்தில் மிக்சி, அட்டைப்பெட்டியோடு. விலை மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. அது மூவாயிரத்து ஐந்நூறு இல்லை என்று நம்புகிறவர்களுக்காக வைத்த விலை.

மாரிச்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ராமநாதபுரத்திலேயே பெரிய கடை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், திரையைப் பார் என்றுதான் பில் போடும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

"கூப்பன்லயே போட்டிருக்கு மேடம். வேறு சலுகைகளுடன் சேர்த்துப் பயன்படுத்த இயலாது."

போட்டிருந்தது உண்மைதான். பின்பக்க மூலையில், ராமேஸ்வரத்தில் அரிசிமேல் பெயர் எழுதித் தருகிறவன் எழுதியதுபோல.

இந்த ஏற்பாட்டை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

மூவாயிரத்துக்குமேல் வாங்கினால் கூப்பனுக்கு ஐந்நூறு தள்ளுபடி. ஒவ்வொரு பில்லுக்கும் செல்போன் எண்ணின் கணக்கில் சேர்ந்திருக்கும் பாயிண்ட்டுக்கு ஆயிரத்து நூறு. பாயிண்ட்டை முதலில் கழித்தால் பில் மூவாயிரத்துக்குக் கீழே இறங்கிவிடும், கூப்பன் செல்லாது. கூப்பனை முதலில் கழித்தால் மிக்சி 'சலுகைப் பொருள்' ஆகிவிடும். சலுகைப் பொருளுக்குப் பாயிண்ட் செல்லாது.

ஒரு கதவைத் திறந்தால் மறு கதவு தானே பூட்டிக்கொள்ளும் வீடு. தச்சனுக்குக் கை தவறி அப்படி அமையவில்லை.

பாயிண்ட் இன்றோடு காலாவதி. கூப்பன் வார நாட்களில் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரைதான் செல்லும், அதாவது வேலைக்குப் போகிற ஒருவரும் கடைக்கு வரமுடியாத நேரம்.

மணி நாலே முக்கால்.

பச்சைச் சேலைக்காரியிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்தான் இருந்தது. வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையாலேயே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டும் கழிந்தால் மிக்சி. ஒன்று மட்டும் கழிந்தால் பழையபடி அம்மி.

"ரெண்டையும் நீங்கதான குடுத்தீக. வேணும்னு நானா வந்து கேட்டேன்?"

"ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க மேடம். பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். மேடம் மேடம்னா மட்டும் பாயிண்டு ஏறிருமா?"

வரிசை பிஸ்கட் அலமாரியைத் தொட்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"மூத்தவளுக்குப் பதில் சொல்லுற அழகப் பாரு. ஒன்னையப் பெத்தவ வளர்த்த லட்சணமா இது?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வளர்ப்பப் பத்தியெல்லாம் பேசாதீங்க மேடம்." மாரிச்செல்வியின் குரல் உடைந்தது.

அப்போதுதான் சூப்பர்வைசர் காளிதாஸ் வந்தார். பச்சைச் சேலைக்காரியை அவர் பார்க்கவில்லை. வரிசையின் நீளத்தைப் பார்த்தார்.

விதிகளுக்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு. அதை எந்தக் கூப்பனிலும் அச்சடிப்பதில்லை. சூப்பர்வைசர் தன் ரகசிய எண்ணை அடித்தால் 'சிறப்பு அனுமதி' என்று ஒரு கட்டம் திறக்கும். அதற்குள் கூப்பனும் பாயிண்ட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைபோலச் சேர்ந்துகொள்ளும். தயவாகக் கேட்ட யாருக்கும் அந்தக் கட்டம் திறந்ததில்லை. வரிசை பிஸ்கட்டைத் தாண்டும்படி சத்தம் போடுகிறவர்களுக்குத்தான் திறக்கும். ஏழு மாதமாக மாரிச்செல்வி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

காளிதாஸ் ஆறு இலக்கம் அடித்தார்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மீதி ஒரு ரூபாய்க்கு மாரிச்செல்வி ஒரு மிட்டாயை எடுத்து வைத்தாள். அதுவும் கடை வழக்கம்.

"இத நீங்களே சப்பிக்கங்க" என்று அதைத் தள்ளிவிட்டு, பெட்டியை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனாள் பச்சைச் சேலைக்காரி.

"பெத்த தாய இழுத்துப் பேசுனாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கணும்மா. கஸ்டமர்னா அப்படித்தான்" என்றார் காளிதாஸ். கண்ணாடிக் கதவுப் பக்கம் பார்த்தார். "இதுகளையெல்லாம் வீட்டுல வச்சு எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ."

"கஷ்டந்தான் சார்" என்றாள் மாரிச்செல்வி.

அடுத்து நின்றவர் தள்ளுவண்டி நிறையப் பொருளோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க நம்பர்?"

"நம்பரெல்லாம் வேணாம்மா. பில்லப் போடுங்க."

பத்து இலக்கம் கொடுக்காமல் அந்த இயந்திரம் பில் போடாது. மாரிச்செல்வி விசைகளைப் பார்க்காமலே பத்தையும் அடித்தாள். ஏழு மாதமாக, வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் அடித்து அடித்து விரலுக்குப் பழகிப்போன எண். அவள் அம்மாவின் எண்.

கடை ஊழியர்களின் குடும்பத்துக்குப் பாயிண்ட் கிடையாது. அதுவும் ஒரு விதி.

ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் ஏழே முக்காலுக்கு அவள் திருப்பாலைக்குடி வீட்டுக்குப் போய்விடலாம். ஐந்து மணி பஸ்ஸில் போகிற அம்மா அதற்குள் புது மிக்சியைப் பிரித்து, தேங்காய்த் துவையல் அரைத்து வைத்திருப்பாள்.