இலவசச் சீருடை

சீருடையை வாங்கியவள் ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். அந்தப் பெண் மேடையிலேயே அதைப் பிரித்தாள். பாவாடையின் இடுப்புப் பக்கத்தைத் திருப்பி உள்ளே உற்றுப் பார்த்தாள். பிறகு கல்வி அதிகாரியின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு வேணாம்."

அதிகாரி அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, "அடுத்தது யாரும்மா?" என்று சமாளித்தார்.

தலைமை ஆசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. இருக்காதா பின்னே! மூன்று வாரத்துக்கு முன்பு தையல் கொட்டகைக்கே போய், முதலாளியிடம் சண்டை போட்டு, இந்தப் பெண்ணைக் கையோடு கூட்டி வந்து ஐந்தாம் வகுப்பில் சேர்த்தவர் அவர்தான். "எங்க பள்ளிக்கூடத்துப் பெருமை சார், முதல் சீருடையை அவளுக்குத்தான் குடுக்கணும்" என்று அதிகாரியிடம் சொல்லி வைத்தவரும் அவர்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறதுன்னா இதுதான் மேடம். அன்னிக்கே சொன்னேன். அது பாட்டுக்கு ஒரு தொழிலைக் கத்துக்கிட்டு இருந்துச்சு. இழுத்துட்டு வந்து உக்கார வச்சீங்க. புத்தகம், சாப்பாடு, துணின்னு அரசாங்கம் கொட்டிக் குடுக்குது. அருமை தெரியுதா பாருங்க."

"பதினோரு வயசுல என்ன சார் தொழில்? உங்க பொண்ணை அனுப்புவீங்களா?"

அவர் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். அவர் மேடைப் பக்கம் திரும்பிக் கைதட்ட ஆரம்பித்தார்.

தலைமை ஆசிரியை அந்தப் பெண்ணையும் அந்தப் பாவாடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தன் அறைக்கு வந்தார். மூலையில், அடுத்த வகுப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய சீருடைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, நாலு பேர் முன்னாடி இப்படியா மானத்தை வாங்குவ? அளவு சின்னதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"நிறம் புடிக்கலையா?"

அதற்கும் தலையாட்டல்தான்.

"பின்ன என்னதான் கொறைச்சல்?"

"இது அந்தக் கொட்டகைல தச்சது டீச்சர்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த ஆளு தச்சதா? உனக்கு எப்படித் தெரியும்?"

"கொக்கியைக் கையால தச்சிருக்கு. வேற இடத்துல மெஷின்ல போடுவாங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நீயே தச்சதா கண்ணு? பாத்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சா? அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. நீ தச்சதை நீயே போட்டுக்கறதுல என்ன வெக்கம்?"

"நான் தச்சதில்ல டீச்சர்."

"என்ன?"

"இது எப்ப டீச்சர் தச்சாங்க?"

"போன வாரம்தான். துணியே பத்து நாளைக்கு முன்னாடிதான் வந்துச்சாம். எதுக்குக் கேக்கற?"

அவள் பாவாடையைத் திருப்பிக் காட்டினாள்.

"எல்லாரும் கொக்கிக்கு ரெண்டு முடிச்சுதான் போடுவாங்க. இதுல நாலு இருக்கு. நூலும் இந்தப் பக்கமா சாயுது பாருங்க. இடது கையால தச்சது."

"அதனால?"

"என் தங்கச்சிக்கு இடது கைப் பழக்கம் டீச்சர். நான் வீட்டுக்கு வேலை எடுத்துட்டு வந்தா அவளும் வெளையாட்டா ஒண்ணு ரெண்டு தைப்பா. பிஞ்சு போச்சுன்னா எனக்கு அடி விழுமேன்னு நாலு முடிச்சு போடுவா. ரெண்டு போதும்டின்னா கேக்க மாட்டா."

"அவளுக்கு எட்டு வயசுதானேம்மா? அத்தை வீட்டுல தங்கிப் படிக்கறான்னு உங்கப்பா சொன்னாரே? எங்கிட்ட எழுதிக்கூடக் குடுத்தாரே?"

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. நான் இங்க சேந்த மறுநாள் அவளைக் கூட்டிட்டுப் போனாரு. நானும் நம்பிட்டேன்."

தலைமை ஆசிரியை மூலையிலிருந்து இன்னொரு பாவாடையை உருவிப் பார்த்தார். நாலு முடிச்சு. அதற்கு அடியில் இருந்ததை எடுத்தார். அதிலும் நாலு. நாலாவதிலும் ஐந்தாவதிலும் அதே நாலு முடிச்சு. அதற்கு மேல் பிரித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே ஒலிபெருக்கியில் அதிகாரியின் குரல் கணீரென்று கேட்டது. "இந்த வட்டாரத்தில் வேலைக்குப் போகும் குழந்தை இனி ஒன்றுகூட இல்லை என்பதைப் பெருமையோடு..."

கைதட்டல் காதைப் பிளந்தது.

"வா, இப்பவே போலாம்." தலைமை ஆசிரியை செல்போனை எடுத்தார். "அந்தக் கொட்டகைக்காரனை உண்டு இல்லன்னு பண்ணிடறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். வண்டிச் சத்தம் கேட்டாலே ஒளிச்சு வச்சிருவாங்க. அன்னிக்கு நீங்க வந்தப்பவும் எங்க ஏழு பேரையும் துணி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சுதான் வச்சிருந்தாங்க. நான் இருமிட்டேன். அதான் நான் மட்டும் மாட்டிக்கிட்டேன்."

தலைமை ஆசிரியை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாக மூன்று வாரமாகச் சொல்லித் திரிந்தவர், எடுத்த செல்போனை மேஜை மேல் வைத்தார்.

அவள் குனிந்து, கலைந்து கிடந்த பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். கொட்டகையில் பழகிய கை, மளமளவென்று வேலை நடந்தது. கடைசிப் பாவாடையை வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"நான் திரும்பிப் போயிட்டா, அவளை விட்டுருவாங்களா டீச்சர்?"