போனில் ஏறிய வரி

மஸ்கட் மீன் கடைக்கு வந்த ஒருவர், "இன்னைக்குப் பிடிச்சதா தம்பி?" என்று கேட்டார். ஜெனிஸ்டன், "இல்லண்ணே, மூணு நாளா ஐஸ்ல கெடக்கு" என்று சொல்லிவிட்டான். முதலாளி அன்றே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

நாலைந்து பேரோடு தங்கியிருந்த அறைக்கு வந்து போனை எடுத்தான். இப்போது வரும் போன்கள் நாம் பேசுவதையெல்லாம் எழுதும், பொய்யை மட்டும் எழுதாது.

"அம்மா, வேலை நல்லாப் போவுது."

திரையில் ஒன்றும் வரவில்லை.

"கடைக்கு லீவு விட்டிருக்காவ."

அதுவும் ஏறவில்லை. அக்கா கல்யாணம் அவன் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னான். ஓர் எழுத்து விடாமல் ஏறிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

அம்மாவும் பேசித்தான் பதில் அனுப்பினாள்.

"வருத்தமே இல்லன்னு சொல்லிப் பாத்தேன்ய்யா, இந்தச் சனியன் எழுத மாட்டேங்கு. கொஞ்சம் வருத்தந்தான். மாப்ள வீட்ல பேசி கல்யாணத்தத் தள்ளி வைப்போம். நானும் பழைய மீனப் புதுசுன்னு வித்ததில்ல. மீன்காரி மவன் பின்ன என்னத்தச் சொல்லுவான்? எனக்குப் பெருமையா இருக்குய்யா."

கடைசி வரியை ஜெனிஸ்டன் மறுபடியும் படித்தான். போன் அதை எழுதியிருந்தது.

எழுந்து போய் அறையில் இருந்த எல்லோருக்கும் டீ போட்டான்.