விட்டுப்போன மாற்றம்

"மூணே நிமிஷம்தான் இருக்கு, வேகமா எழுதுங்க!" கடிகாரத்தைப் பார்த்தபடி கணவனை விரட்டினாள் லீனா.

கிளாரன்ஸின் பேனா பறந்தது. சனிக்கிழமை ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு; ஓர் இடத்தின் பழைய, புதிய வரைபடங்களைப் பார்த்து மாற்றங்களை எழுதச் சொல்லும் கேள்வியும் அதில் வரும். இந்த முறையும் கோட்டைவிட்டால் ஆஸ்திரேலியா விசா கிடைக்காது.

தாளைப் பிடுங்கிப் படித்தவள் எரிந்து விழுந்தாள்.

"நம்ம லேஅவுட்டையே அப்போ, இப்போன்னு ரெண்டு மேப்பா வரைஞ்சு குடுத்தேன். ஓசூர் ரோடு, மெட்ரோ எல்லாம் எழுதிட்டு, ஏரி போய் அபார்ட்மென்ட் வந்தத மட்டும் மூணாவது தடவையா விட்டிருக்கீங்க! கண்ணு தெரியலையா?"

"வேற மேப் குடு லீனா."

"முடியாது. இதையே எழுதுங்க."

பேனாவைக் கீழே வைத்தான்.

"அங்க ஏரி இருந்துச்சுன்னு என் கையால எழுத முடியாதுடி. விசாரணை ஆரம்பிச்சாச்சு. அங்க ஏரியே இருந்ததில்லன்னு பில்டருக்கு சர்வே ரிப்போர்ட் எழுதிக் குடுத்தது நான்தான்."