மூன்றாவது வரிசை

"மூடியைக் கழட்டுங்க. உள்ள ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டா வேலை முடிஞ்சுது," என்றார் கல்லூரிப் பேராசிரியர்.

நூலக மாடியில் போட்டி நடந்துகொண்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு விளையாட்டு எழுதிக் கொண்டுவர வேண்டும். வெளியே என்ன மாற்றம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உள்ளே மெமரியை மட்டும் கூட்டக் கூடாது. நாற்பத்தெட்டாயிரம் எழுத்துக்குத்தான் அதில் இடம். இன்றைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோவை வைக்கக்கூட அது காணாது.

நடுவர் ஒரு டி.வி. மெக்கானிக். எல்லோருக்கும் அவர் 'திருப்புளி'. இந்த ரகக் கம்ப்யூட்டரை முந்நூறு தடவையாவது பிரித்து மாட்டியவர், எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிற ஆசாமி. அவரே இன்றைக்குப் பத்து நிமிஷமாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரணம், எதிரே டி.வி.யில் பெய்துகொண்டிருந்த மழை.

தையல்கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி எழுதிய விளையாட்டு அது. கம்ப்யூட்டரும் அவளுடையதுதான். தேய்ந்துபோன கீகளின் மேல் கலர் கலராகச் சட்டைப் பொத்தான்களை ஒட்டியிருந்தாள். விளையாட்டைப் பதிந்து வைத்த கேசட்டைப் போட்டு, ரெண்டு நிமிஷம் கீச்சுக்கீச்சென்று கத்தவிட்டு, "விளையாடுங்கண்ணே" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

குடையோடு ஒரு தபால்காரர் நடந்தார். தெரு முடிந்தால் இன்னொரு தெரு. எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டலாம். தட்டினால் ஜன்னலில் விளக்கு எரிந்தது, தேங்கிய தண்ணீரில் அந்த வெளிச்சம் நெளிந்தது. குடைக்குள் இடம் கொடுத்த நாய் ஒன்று கடைசி வரை கூடவே வந்தது. திருப்புளி தெருக்களை எண்ணினார். நாற்பது. அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"நானும் இதே மாடல்லதான் எழுதினேன்," என்றார் பேராசிரியர். "ரெண்டு ரூம், ஒரு பூனை. அதுக்கே கடைசி எழுத்து வரைக்கும் இடம் தீர்ந்துபோச்சு. இந்தம்மா ஒரு ஊரையே கட்டியிருக்காங்க. கூடுதலா மெமரி வைக்காம இது நடக்குமா?"

நடக்காது என்றுதான் திருப்புளிக்கும் பட்டது. வாய்விட்டுச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

"ஏம்மா, உள்ள எதாவது மாட்டியிருக்கியா? இப்பவே சொல்லிட்டா பேரை மட்டும் அடிச்சுட்டு அனுப்பிடுவோம். திறந்து பார்த்து இருந்துச்சுன்னா, இனி எந்த வருஷமும் உன்னை உள்ள விடமாட்டாங்க."

"எதுவும் மாட்டலைண்ணே. எனக்கு எப்பவுமே இடம் பத்தவே பத்தாது. மத்தவங்க எப்படித்தான் தாராளமா எழுதறாங்களோ தெரியலை. ரெண்டு மீட்டர் துணியில அஞ்சு பேருக்குச் சட்டை வெட்டற மாதிரி ரெண்டு வருஷம் ஒட்டுப்போட்டேன். நாய்க்கும் தபால்காரருக்கும் ஒரே கால்தான், கவனிச்சீங்களா? மழைக்குன்னு தனியா எதுவும் கிடையாது. புரோகிராமோட எழுத்தையேதான் புள்ளி புள்ளியா கொட்ட விட்டிருக்கேன்."

"நல்லாவே பேசறாங்க," என்று பேராசிரியர் சிரித்தார்.

"அப்ப திறந்து பார்த்துடலாமாம்மா?"

அவள் கை சட்டென்று கம்ப்யூட்டரின் மேல் போய் உட்கார்ந்தது. "வேண்டாண்ணே."

இப்போது என்ன சொல்கிறீர் என்பதுபோலப் பேராசிரியர் திருப்புளியைப் பார்த்தார்.

"பழைய சாமான் கடையில வாங்கினது," என்றாள் அவள். "ஒரு தடவை தூசி தட்டலாம்னு திறந்தேன். மூடியில இருக்கற கீபோர்டை உள்ள இணைக்கற பட்டை பாதி கிழிஞ்சுடுச்சு. இன்னொரு தடவை இழுத்தா அத்துக்கும். என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

அந்தப் பட்டை எப்படிப்பட்டது என்று திருப்புளிக்குத் தெரியும். காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், இப்போது எங்கேயும் கிடைக்காது.

"திறக்கலைன்னா?" என்று அவளே கேட்டாள்.

"புகார் வந்துடுச்சேம்மா. விதிப்படி உன் பேரை அடிச்சுத்தான் ஆகணும்."

அவள் பொத்தான்களை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "திறங்க. திருட்டுப் பட்டம் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு இது இங்கயே செத்தாலும் தேவலை."

திருப்புளி கம்ப்யூட்டரைக் கவிழ்த்து ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றினார். "உள்ள ரெண்டு வரிசை சிப் இருக்கும் வாத்தியாரே, வரிசைக்கு எட்டு. முதல் வரிசை பதினாறாயிரம், ரெண்டாவது முப்பத்திரண்டாயிரம். மூணாவதா எது ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது கள்ளத்தனமா வச்ச மெமரி."

திரும்ப நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூடியை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பட்டை தாங்கியது.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். பிறகு, டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, மூணாவது வரிசை இருக்கில்ல?" பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இல்லை வாத்தியாரே." திருப்புளி டார்ச்சைப் பேராசிரியர் பக்கம் நீட்டினார். "ரெண்டாவதும் இல்லை."

தையல்காரப் பெண் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். "அந்த எட்டுக் காலி இடத்தைச் சொல்றீங்களா? நான் வாங்கினதுலேர்ந்தே அது அப்படித்தாண்ணே இருக்கு. உள்ள காத்துப் போக விட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."