கருப்பட்டி அளவு

"மடியை அவுத்துக் காட்டு, ஏட்டி!"

சபைப் போதகர் வேதசிரோமணி ஐயா போட்ட சத்தத்தில், சர்ச்சுக்குள் வேலை பார்த்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

தேவகிருபை மடியை அவிழ்த்தாள். ஒரு முழு வட்டுக் கருப்பட்டி கீழே விழுந்தது.

"ஆண்டவர் வீட்டுச் சுவத்துக்கு வாங்கின கருப்பட்டி! இதுல கை வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் ஐயா. கருப்பட்டித் தண்ணியைத் தவிர வேற ஒண்ணும் உள்ளே எறங்க மாட்டேங்குது."

"கேட்டா தரமாட்டோமா?"

கேட்டு வாங்குகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. புருஷன் செத்த அன்றைக்குச் சபையில் கொடுத்தனுப்பிய அரிசியை அப்படியே திருப்பி அனுப்பினவள் அவள்.

அது யுத்த காலம். சிமெண்ட்டெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. கருப்பட்டியோ கடையில் கண்ணால் காணக் கிடைக்கவில்லை; சர்ச்சுக்கே பனங்காட்டில் சொல்லி வைத்துத்தான் வாங்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டோரத்து அந்தப் பழைய கல் சர்ச்சின் சுவர், பார்க்கத்தான் திடமாக இருந்தது. தட்டினால் உள்ளே பொக்கு, பொந்து பொந்தாகக் காலி.

ராஜபாளையத்து மலைச்சாமி மேஸ்திரிதான் வழி சொன்னார். சுண்ணாம்பு, செங்கல் பொடி, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டித் தண்ணி எல்லாம் சேர்த்துக் கூழாகக் கரைக்க வேண்டும். சுவரில் துளை போட்டு, கீழிருந்து மேலாக, நாளொன்றுக்கு ஒரு வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தால் பொக்கெல்லாம் நிரம்பி இறுகிவிடும்.

தேவகிருபையைக் கூட வைத்துக்கொண்டு நாலு விதமாகக் கலந்து, நாலு கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பார்த்தார். அதில் ஒன்று அரிவாளால் வெட்டினாலும் உடையவில்லை. அன்றைக்கே அளவுச் சீட்டு எழுதி ஐயா கையில் கொடுத்தார். நாளொன்றுக்குக் கருப்பட்டி இரண்டு வட்டு. அதை உடைத்துக் கரைக்கிற வேலையைத் தேவகிருபைக்குக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது மேஸ்திரி மெல்ல முன்னால் வந்தார்.

"விடுங்க ஐயா. ஒரு வட்டுதானே."

"ஒரு வட்டா இருந்தா என்ன, ஒரு மூட்டையா இருந்தா என்ன? களவு களவுதான். நாளையிலேர்ந்து இவ வேலைக்கு வர வேண்டாம்."

மேஸ்திரி திரும்பிச் சாரத்துப் பக்கம் போய்விட்டார். ஊருக்குள் நல்ல மனுஷன் என்று பேர். தன்கிட்டே வேலை பார்க்கிறவளுக்காக அதற்குமேல் ஒரு வார்த்தை பேச நாக்கு எழவில்லை பாருங்கள்!

மறுநாளிலிருந்து கருப்பட்டியை ஐயாவே எடுத்தார், ஐயாவே உடைத்தார், ஐயாவே கரைத்தார். சாமான் அறைச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

"ஐயா, கருப்பட்டியைச் செத்த குறைச்சுப் போடலாமே" என்று மேஸ்திரி இழுத்தார்.

"எதுக்கு?"

"இல்ல… வெயில் கம்மியா இருக்கு."

"இது நீ எழுதின சீட்டு. அப்போ எழுதினது பொய்யா?"

"இல்லய்யா."

"பின்னே பேசாமப் போய் ஊத்து."

அன்றைக்குச் சாயங்காலம் மேஸ்திரி தன் வீட்டிலிருந்த கருப்பட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தேவகிருபை வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கதவைத் திறக்கவே இல்லை.

"கள்ளிக்கு எதுக்கு மேஸ்திரி கருப்பட்டி? கொண்டு போயிருங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தார். விடிந்து பார்த்தால், பொட்டலம் அவிழ்க்காமல் அவர் சாரத்தடியில் கிடந்தது.

வேலை போன ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் வேதசிரோமணி ஐயாதான் முன்னால் நின்று ஜெபம் பண்ணினார். நல்ல நீளமான ஜெபம். தேவகிருபை அழக்கூட இல்லை. மண் தள்ளி முடிந்ததும் யாரையும் பார்க்காமல் நடந்து போனாள்.

ஒரு மாசம் ஆயிற்று. சுவரின் துளையில் குச்சியை விட்டுப் பார்த்தால் ஈரக் கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது. மேல் பாதிச் சுவர் வயிறு தள்ளி நின்றது. பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐயாவுக்கு வந்ததே கோபம்!

"ஏன் மேஸ்திரி, அந்தக் கள்ளி இருந்தப்போ ஊத்தின கீழ்ப் பாதி கல்லா இறுகிக் கிடக்கு. நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துப் பாத்துக் கரைச்ச மேல் பாதி மட்டும் ஏன் இறுகல?"

"கருப்பட்டி கூடிப்போச்சு ஐயா. அது கூடினா சுண்ணாம்பு இறுகாது."

"எப்படிக் கூடும்? நாளொண்ணுக்கு ரெண்டு வட்டு, சீட்டுல உள்ளபடிதானே போட்டேன்?"

"சுவத்துக்கு வேண்டியது ஒரு வட்டுதான் ஐயா."

"ஒண்ணா? அப்போ ரெண்டுன்னு ஏன் எழுதினே? மீதி ஒண்ணு யாருக்கு, உனக்கா?"

மலைச்சாமி மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கொட்டாங்கச்சிக்குக் கலக்கும்போதே அவ ஒரு வட்டை எடுத்து மடியில வைக்கதைப் பாத்துட்டேன் ஐயா. கையில குடுத்தா வாங்க மாட்டா. தினம் ஒண்ணு களவு போகட்டும்னுதான் ரெண்டுன்னு எழுதினேன்."